எலக்ட்ரோஎன்செஃபலோகிராஃபி: ஒரு சொல்லுக்கு இரண்டு வெட்டு

மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஈஈஜி, அதாவது மூளையின் மின்சாரப் பதிவு, எடுப்பது என் வேலை. 14 வருடம் ஆகிறது. நெற்றியும் மூக்கும் சேருகிற பள்ளத்திலிருந்து பின்மண்டை எலும்பின் மேடு வரை டேப் பிடித்து அளந்து, 10 சதவீதம், 20 சதவீதம் என்று கணக்குப் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, பேஸ்ட் தடவி, வயர் வைத்த சின்னத் தகடுகளான எலக்ட்ரோடுகளை ஒட்டுவேன். "கண்ணை மூடிக்கோங்கம்மா, பல்லைக் கடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மெஷினை ஓட விடுவேன். நாள் முழுக்க இந்த வேலைக்கு ஈஈஜி என்ற பெயரே போதும். முழுப் பெயரைச் சொல்ல வேண்டி வருவது வைவா என்கிற வாய்மொழித் தேர்விலும் இன்டர்வியூவிலும்தான்.

என் டிப்ளமா வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். எழுதச் சொல்லியிருந்தால் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருப்பேன். வாயில் 'எலக்ட்ரோ' வரைக்கும் வந்தது. பிறகு 'என்செ', 'என்செப' என்று அங்கேயே நின்றுவிட்டது. பாடம் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டு அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்குத் தெரியும். அந்த வலி இன்னும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் பலர் இப்படித்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள். நீளமான சொல்லை எங்கே உடைப்பது என்று யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான் குறை. அதனால் எங்கள் பிரிவுக்குப் பயிற்சிக்கு வருகிற எல்லோரையும் முதல் வாரத்திலேயே உட்கார வைத்து இந்த ஒரு சொல்லைச் சொல்லித் தருகிறேன். இதை உடைக்கத் தெரிந்தால் மற்றவை தானாக வரும்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நீளமான ஆங்கிலச் சொல்லை இரண்டு விதமாக வெட்ட வேண்டும். பொருள் தெரிய ஒரு வெட்டு, வாயில் வர இன்னொரு வெட்டு. இரண்டும் ஒரே இடத்தில் விழாது. தமிழிலும் அப்படித்தான். 'பொன்னாடை' என்பதைப் பொருளுக்காகப் பிரித்தால் பொன், ஆடை. வாய் அதை 'பொன்-னா-டை' என்றுதான் சொல்லும். 'பொன்' என்று நிறுத்தி 'ஆடை' என்று யாரும் மேடையில் பேசுவதில்லை. ஆங்கிலச் சொல்லில் மட்டும் நாம் இதை மறந்துவிடுகிறோம். பொருளுக்காக வெட்டிய துண்டுகளை அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறோம், சிக்கிக்கொள்கிறோம்.

சரி, முதல் வெட்டு. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தது நினைவிருக்கும். பகுதி, விகுதி, சாரியை என்று 'மரத்தை' போன்ற சொல்லை மரம் + அத்து + ஐ என்று பிரித்தோமே, அதே கைதான் இங்கேயும் வேண்டும். நீளமான சொல்லை வாலிலிருந்து பிடியுங்கள். 'மாட்டு வண்டி' என்றால் அது வண்டி. மாடு என்பது எந்த வண்டி என்று சொல்ல வந்தது. இங்கும் தலைமைச் சொல் கடைசியில்தான் இருக்கிறது. வாலில் இருப்பது 'கிராஃபி': எழுதுதல், வரைதல், பதிவு செய்தல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் 'என்செஃபல்': மூளை. அதற்கும் முன்னால் 'எலக்ட்ர்': மின்சாரம். மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்வது. முடிந்தது.

'என்செஃபல்' இன்னும் உடையும். 'என்' என்றால் உள்ளே, 'கெஃபலே' என்றால் கிரேக்கத்தில் தலை. தலைக்குள் இருப்பது எதுவோ அது மூளை. இதை முதல்முறை தெரிந்துகொண்ட அன்று நோயாளியின் தலையில் டேப் வைத்து அளக்கும்போது எனக்குச் சிலிர்த்தது. 'எலக்ட்ர்' என்பதற்கும் ஒரு கதை உண்டு. கிரேக்கத்தில் 'எலெக்ட்ரான்' என்றால் ஆம்பர், அதாவது கல்லாக இறுகிப்போன பழைய மரப்பிசின். அதைத் துணியில் தேய்த்தால் வைக்கோல் துரும்பை இழுக்கும். அந்த இழுப்பை வைத்து, 1600ல் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட் லத்தீனில் ஒரு சொல்லை உருவாக்கினார். மின்சாரத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அந்த வழியில் வந்ததுதான்.

இப்போது நடுவில் இரண்டு 'ஓ' மிச்சம் இருக்கிறது: எலக்ட்ர்-ஓ, என்செஃபல்-ஓ. இவற்றுக்குப் பொருள் கிடையாது. இரண்டு துண்டுகளை ஒட்டுவதற்காக நடுவில் வைத்த பசை. நம் கணக்கில் சாரியை. 'மரத்தை' என்பதில் 'அத்து' என்ன வேலை செய்கிறதோ அதே வேலை. பின்னால் வருகிற விகுதி உயிரொலியில் தொடங்கினால் இந்த 'ஓ' காணாமல் போகும். வீக்கம், அழற்சி என்ற பொருளில் வருகிற 'ஐட்டிஸ்' சேரும்போது 'என்செஃபலைட்டிஸ்' ஆகிறது. நாம் மூளைக்காய்ச்சல் என்கிறோமே, அது. 'என்செஃபலோஐட்டிஸ்' என்று யாரும் சொல்வதில்லை. 'காசு இல்லை' என்பது 'காசில்லை' ஆவது போலத்தான். ஆனால் இரண்டு உறுப்புகளின் பெயர்கள் அடுத்தடுத்து வந்தால் நடுவில் உள்ள 'ஓ' பெரும்பாலும் அப்படியே நிற்கும்: 'கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ்', வயிறும் குடலும் சேர்ந்த அழற்சி.

மனிதத் தலையிலிருந்து இந்தப் பதிவை 1924ல் முதன்முதலில் எடுத்தவர் ஜெர்மனியின் யேனா நகரில் வேலை பார்த்த ஹான்ஸ் பெர்கர். 1929ல்தான் அதை வெளியிட்டார். அவர் வைத்த பெயர் 'எலெக்ட்ரென்கெஃபலோகிராம்'. பாருங்கள், அதில் முதல் 'ஓ' இல்லை. காசில்லை போலவே உயிர் முன் உயிர் மறைந்துவிட்டது. 'செ' என்ற இடத்தில் பழைய கிரேக்கத்தின் 'கெ' அப்படியே இருக்கிறது. இங்கிலாந்தில் இன்றும் சில மருத்துவர்கள் 'என்கெஃபலைட்டிஸ்' என்றுதான் சொல்கிறார்கள். அப்படிக் கேட்டால் தவறு என்று நினைக்காதீர்கள்.

அடுத்து வாய்க்கான வெட்டு. இங்கே பொருளை மறந்துவிட வேண்டும். தாடைக்குக் கீழே புறங்கையை ஒட்டி வைத்துக்கொண்டு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். தாடை கையை இடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஓர் அசை. மெய்யெழுத்து எத்தனை நெருங்கி நின்றாலும் கணக்கில்லை. காதில் விழுகிற உயிரொலி எத்தனையோ அத்தனை அசை. 'அம்மா' இரண்டு, 'தமிழ்' இரண்டு. யாப்பில் படித்த நேரசை, நிரையசையை இங்கே கொண்டுவர வேண்டாம். அந்தக் கணக்கில் 'தமிழ்' நிரையசை, ஒன்றே ஒன்றுதான். ஆங்கிலத்துக்கு உயிரை மட்டும் எண்ணுங்கள்.

நம் சொல் இப்படி விழும்: இ-லெக்-ட்ரோ-என்-ஸெஃப்-அ-லாக்-ர-ஃபி. ஒன்பது. 'லாக்' என்பதில் உள்ள க் ஒலி 'தங்கம்' என்பதில் வருகிற க. வெட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பொருளுக்கு 'என்செஃபல்-ஓ-கிராஃபி' என்று பிரித்தோம். வாய்க்குப் பிரித்தால் பசையாக இருந்த அந்தப் பொருளில்லாத 'ஓ', முன்னாலிருந்து ல் ஒலியையும் பின்னால் 'கிராஃபி'யிலிருந்து முதல் மெய்யையும் இழுத்துக்கொண்டு 'லாக்' என்று தனித் துண்டாக நிற்கிறது. சொல்லிலேயே அதிக அழுத்தம் விழுகிற இடமும் அதுதான். பொருளில் ஒன்றுமில்லாத எழுத்துக்கு வாயில் முதல் மரியாதை! பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் முதலில் இதை நம்பவே மாட்டார்கள்.

அழுத்தம் என்பதை இங்கே நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் சறுக்கல் இங்கேதான். தமிழில் சொல்லுக்குள் ஓர் இடத்தை அழுத்துவதால் வேறு சொல் ஆகிவிடாது. குறில், நெடில்தான் நமக்கு உயிர். 'கல்' வேறு, 'கால்' வேறு. அதனால் ஆங்கிலச் சொல்லையும் எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுத்து வரிசையாகச் சொல்கிறோம். ஆங்கிலக் காது அப்படிக் கேட்டால் தடுமாறும். அது அழுத்தம் விழுகிற இடத்தை வைத்துத்தான் சொல்லை அடையாளம் காண்கிறது. அழுத்தம் என்றால் கத்துவது இல்லை. அந்த அசை கொஞ்சம் நீளும், குரல் கொஞ்சம் மேலே போகும், உயிரொலி முழுதாகத் திறக்கும். மற்றவை சுருங்கிவிடும்.

அந்தச் சுருங்கல் நமக்கு வராது என்று சொல்பவர்களுக்கு நான் காசையும் பசுவையும் காட்டுவேன். 'காசு' சொல்லுங்கள். இப்போது 'பசு' சொல்லுங்கள். இரண்டிலும் கடைசியில் 'சு'தான். ஆனால் பசுவில் உதடு குவிகிறது, காசில் குவியாமல் அரைகுறையாக முடிந்துவிடுகிறது. குற்றியலுகரம், அரை மாத்திரை. நம் நாக்கு இதை ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை செய்கிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத உயிர்களுக்கும் அதே கதிதான். 'ஸெஃப்' முடிந்து வருகிற 'அ', 'லாக்' முடிந்து வருகிற 'ர', இரண்டையும் காசில் வருகிற 'சு' போல விட்டுவிடுங்கள். வாயை முழுதாகத் திறக்காதீர்கள்.

இதில் நம் எழுத்தே நம்மை ஏமாற்றும் ஓர் இடம் உண்டு. இந்தக் கட்டுரையின் தலைப்பில் நானும் 'கிராஃபி' என்றுதான் எழுதியிருக்கிறேன், பத்திரிகைகளில் எழுதுவது போல. அதைப் பார்த்துப் படித்தால் 'கி' என்று இல்லாத ஓர் அசை முளைக்கும். 'ரா' நெடிலாக இருப்பதால் எடை முழுக்க அதன் தலையில் போய் விழும். அதாவது ஆங்கிலத்தில் எந்த அசை சுருங்க வேண்டுமோ அதையே நாம் நீட்டுகிறோம். 'ஃபோட்டோகிராஃபி'யும் இப்படித்தான். தமிழில் எழுதியபடி சொன்னால் ஃபோ, டோ, ரா என்று மூன்று நெடில். ஆங்கிலத்தில் 'ஃப-டாக்-ர-ஃபி': நாலு அசை, 'டாக்' ஒன்றுக்குத்தான் எடை. அதனால் புதுச் சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளும்போது பத்திரிகை எழுத்தில் எழுதாமல் காதில் விழுந்தபடி எழுதுங்கள். அழுத்தம் விழுகிற அசைக்கு அடியில் பேனாவால் ஒரு தடித்த கோடு போடுங்கள்.

போன வருடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணுக்கு இந்த இடம் பிடிபடவே இல்லை. மதியம் நோயாளி யாரும் இல்லாத நேரம். எலக்ட்ரோடு வயர்களைக் கட்டி வைக்கிற ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்து அவள் இரண்டு கட்டைவிரலிலும் மாட்டினேன். ஒவ்வொரு அசைக்கும் விரல் அசைய வேண்டாம், 'லாக்' வரும்போது மட்டும் இழு என்றேன். முதல் தடவை எல்லாவற்றுக்கும் இழுத்தாள். இரண்டாவது தடவை 'ர'வுக்கு இழுத்தாள். வாய் வேறு, கை வேறு என்று அவளே நின்றுவிட்டாள். பிறகு கடைசி மூன்று அசையை மட்டும் வைத்துக்கொண்டோம்: லாக்-ர-ஃபி, லாக்-ர-ஃபி. ரப்பர் நீண்டு சுருங்குகிற வேகத்திலேயே 'ரஃபி' தானாகச் சுருங்கியது. அதற்குப் பிறகு முன்னால் ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். இதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் பழக்கம்: நீளமான சொல்லை முன்னிருந்து மனப்பாடம் செய்யாதீர்கள், பின்னிருந்து கட்டுங்கள். ர-ஃபி. லாக்-ர-ஃபி. அ-லாக்-ர-ஃபி. ஸெஃப்-அ-லாக்-ர-ஃபி. என்-ஸெஃப்-அ-லாக்-ர-ஃபி. அப்புறம் இலெக்ட்ரோ. இப்படிக் கட்டினால் ஒவ்வொரு தடவையும் தெரியாத இடத்தில் தொடங்கித் தெரிந்த இடத்துக்குப் போவீர்கள். முன்னிருந்து படித்தால் தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குப் போவோம், நாக்கு அங்கே நின்றுவிடும். என் வைவாவில் நடந்தது அதுதான்.

முழுச் சொல்லும் வந்த பிறகு தாளம் போடுங்கள். ஒன்பது அசையில் மூன்று தட்டுதான்: லெக், ஸெஃப், லாக். முதல் இரண்டு லேசாக, மூன்றாவது பலமாக. இடையில் இருப்பவை ஓடிவிடும்.

அழுத்தம் எங்கே விழும் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் தனியாகப் படிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். கிரேக்கம், லத்தீனிலிருந்து வந்த சொற்களில் வாலைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். 'கிராஃபி', 'லஜி', 'ஸ்கோப்பி', 'மெட்ரி', 'நமி', 'எக்டமி' என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது அசை: 'பை-ஆல்-அ-ஜி', 'நியூ-ரால்-அ-ஜி'. 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை. 'இக்' என்று முடிந்தாலும் முந்தைய அசைதான், ஆனால் 'அரபிக்', 'கத்தோலிக்' போல ஒரு சில சொற்கள் இதற்கு அடங்காது. 'ஐட்டிஸ்' என்றால் அந்த 'ஐ' மேலேயே.

வால் மாறினால் அழுத்தமும் நகரும். இதை எங்கள் சொல்லிலேயே பார்க்கலாம். பதிவு செய்யும் முறை 'கிராஃபி', அழுத்தம் 'லாக்'. அதில் கிடைக்கிற பதிவு 'கிராம்'. அப்போது இ-லெக்-ட்ரோ-என்-ஸெஃப்-அ-ல-கிராம் என்று எட்டு அசை, அழுத்தம் பின்வாங்கி 'ஸெஃப்' மேல் ஏறிக்கொள்ளும். 'கிராஃபிக்' என்று சொன்னால் முன்னே வந்து 'கிராஃப்' மேல் உட்காரும். ஒரே குடும்பம், மூன்று வீடு. வைவாவில் 'கிராம்' என்பதையும் 'கிராஃபி' என்பதையும் மாற்றிச் சொல்லாதீர்கள்; ஒன்று தாள், ஒன்று வேலை. தந்தி நினைவுள்ளவர்களுக்கு இது எளிது: டெலிகிராம் கையில் வாங்குகிற செய்தி, டெலிகிராஃப் அதை அனுப்புகிற கருவி, டெலிகிராஃபி அந்த முறை. ஆனால் 'ஃபோட்டோகிராஃப்' கருவியைக் குறிக்காமல் படத்தைக் குறிக்கப் போய்விட்டது.

வார்டில் வேலை செய்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 'ஹைப்பர்டென்ஷன்', 'ஹைப்போடென்ஷன்' இரண்டிலும் அழுத்தம் 'டென்' மேல்தான். வேறுபாடு இருப்பதோ முன்னால், அழுத்தம் குறைந்த இடத்தில், 'பர்' என்பதிலும் 'போ' என்பதிலும். ஒன்று ரத்த அழுத்தம் கூடுதல், இன்னொன்று குறைவு. போனில், சத்தத்தில், வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். 'ஹைப்பர்கிளைசீமியா', 'ஹைப்போகிளைசீமியா' இதைவிட ஆபத்து. ஒன்றில் சர்க்கரை ஏறியிருக்கிறது, மற்றதில் இறங்கியிருக்கிறது, வைத்தியம் நேர் எதிர். இங்கே இலக்கணத்தை மீறி 'பர்' அல்லது 'போ' மேல் வேண்டுமென்றே அழுத்துங்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களே வேறுபடுத்திக் காட்ட அப்படித்தான் செய்கிறார்கள். அதோடு நிற்காமல் "சுகர் குறைஞ்சிருக்கு, இத்தனை இருக்கு" என்று எண்ணையும் சொல்லிவிடுங்கள்.

அகராதியில் சரிபார்க்கும்போது ஒரு சின்னக் கோடு மேலே இருக்கும், சில இடத்தில் கீழே இருக்கும். மேலே இருப்பது பலமான அழுத்தம், கீழே இருப்பது லேசானது. பெரும்பாலான அகராதிகளில் கோடு அசைக்கு முன்னால் வரும். கோட்டுக்கு அடுத்து வருவதைத்தான் அழுத்த வேண்டும். முடிந்த அசைக்கான குறி என்று எண்ணி முந்தையதை அழுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி நீங்களே ஒன்றை வெட்டிப் பாருங்கள். எண்டோஸ்கோப்பி அறைக் கதவுகளில் ஓஜிடி, இஜிடி என்று சுருக்கி எழுதியிருப்பார்களே, அதன் முழுப் பெயர் 'ஈசோஃபேகோ-கேஸ்ட்ரோ-டியோடினோ-ஸ்கோப்பி'. வாலைப் பிடியுங்கள்: ஸ்கோப்பி, உள்ளே பார்த்தல். மற்ற மூன்றும் உணவுக்குழாய், இரைப்பை, அதற்கு அடுத்த சிறுகுடலின் முதல் பகுதி. அந்தப் பகுதிக்கு 'டியோடினம்' என்று பெயர் வந்ததே லத்தீனில் பன்னிரண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான். பன்னிரண்டு விரற்கடை நீளம் என்று அந்தக் காலத்தில் அளந்தார்கள். இப்போது தாடைக்குக் கீழே கை வையுங்கள். இ-ஸாஃப்-அ-கோ, கேஸ்-ட்ரோ, டியூ-அ-டி, நாஸ்-க-பி. சொல்லுக்கும் பன்னிரண்டு அசை. வாலிலிருந்து மூன்றாவது 'நாஸ்', அழுத்தம் அங்கே. பின்னிருந்து கட்டுங்கள், நாலு தட்டில் முடித்துவிடலாம். குழாய் வாய் வழியாக எந்த வரிசையில் இறங்குகிறதோ அதே வரிசையில்தான் பெயரும் எழுதியிருக்கிறது. சொல்லும்போது அந்தக் குழாயோடு கூடவே கீழே போங்கள், ஒரு துண்டும் விட்டுப்போகாது.